தம்பி, முதலில் டீசல் பில்டரைப் பார்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். அம்மாவுக்கும் போட்டுக் காட்டினேன். “அப்பா, ஹைலக்ஸ் மலை ஏறும்போது இழுக்க மாட்டேங்குது, என்னவா இருக்கும்?” அவ்வளவுதான். அம்மா முட்டிவலி எப்படி இருக்கு என்று ஒரு வார்த்தை இல்லை. சரி, கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். போனில் சொன்னால் ‘ம்’ ‘ம்’ என்று கொட்டிவிட்டு வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

எப்படி இழுக்கவில்லை என்று நீ சொல்லவே இல்லையே. கேமரன் மலை ரோட்டில் லாத்தா இஸ்கந்தர் அருவி தாண்டியதும் மூன்றாவது கியரில் போட்டு மிதித்துப் பார். ஆர்.பி.எம். ஊசி ஏறுது, வண்டி ஏறவில்லை என்றால் அது கிளட்ச், எஞ்சினைத் தொடாதே. ஊசியும் ஏறவில்லையா, கண்ணாடியில் பின்னால் புகையைப் பார். கரும்புகை அடித்தால் காற்று போதவில்லை. ஏர் பில்டர் அடைத்திருக்கும், இல்லாவிட்டால் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகிற ஹோஸ் கிளிப் ஓரத்தில் கிழிந்திருக்கும். அங்கே விரலை வைத்துத் தடவினால் எண்ணெயும் தூசியும் பிசுபிசு என்று ஒட்டும், கண்ணுக்குத் தெரியாத பிளவையும் அது காட்டிக்கொடுத்துவிடும். புகையே இல்லாமல் வண்டி சோர்ந்துபோனால் டீசல் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் பண்ணினால் கொஞ்ச தூரம் பழையபடி இழுக்கிறதா? டீசல் பிரஷர் விழுந்ததும் வண்டியின் கம்ப்யூட்டர் தானாகப் பவரைக் குறைத்துவிடும், அணைத்துப் போட்டால் மறந்துவிடும். அப்படி இருந்தால் நேராக டீசல் பில்டருக்குப் போ.

பில்டருக்கு அடியில் தண்ணீர் வடிக்கிற திருகு இருக்கிறது. பாட்டிலில் பிடித்து அப்படியே வைத்துவிடு. தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும், டீசல் மேலே மிதக்கும். பில்டரை மாற்றும்போது பழசின் அடியில் உள்ள சென்சரைக் கழற்றிப் புதுசில் போடணும், அதன் ஓ ரிங்கை மறந்துவிடாதே, காற்று உறிஞ்சினால் காலையில் ஸ்டார்ட் ஆகாது. மேலே உள்ள கை பம்பைக் கெட்டியாகும் வரை அமுக்கு. இவ்வளவுதான் வேலை, உனக்கே தெரியும். பன்னிரண்டு வயதில் தோட்டத்து டிராக்டரின் பில்டரை நீ தனியாகக் கழற்றிப் போட்டதை, வேலை மேய்க்கிற மண்டோர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

2019-இல் டீசலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து செய்வதைக் கலக்க ஆரம்பித்தார்கள். அது தண்ணீரைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், பழைய டாங்கியின் அழுக்கையும் கரைத்துக்கொண்டு வரும். நானும் அம்மாவும் வெட்டிச் சுமந்த குலைதான் உன் பில்டரில் போய் உட்கார்ந்திருக்கிறதோ என்னவோ. ஆனால் எண்ணெய் ஸ்டேஷனில் ஊற்றுகிறவனுக்கு இவ்வளவு சீக்கிரம் அடைக்காது. 2024 ஜூனில் ஒரே ராத்திரியில் லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியதே, அதற்கப்புறம் டிரம்மில் மலிவாகக் கிடைக்கிறது என்று அங்கங்கே பேச்சு. நீ எங்கே ஊற்றுகிறாய் என்று நான் கேட்கவில்லை. பாட்டிலில் தண்ணீர் நின்றால் நீயே உன்னைக் கேட்டுக்கொள். அந்த ஜூனுக்கு அப்புறம்தான் உன் போனும் குறைந்தது, அதையும் நான் கேட்கவில்லை.

ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் போர்மன் எடுத்த எடுப்பில் டர்போ மாற்றணும், இன்ஜெக்டர் மாற்றணும் என்பான். தலையாட்டாதே. ஸ்கேனரைப் போட்டுக்கொண்டு மேட்டில் ஓட்டச் சொல். கம்ப்யூட்டர் கேட்கிற டீசல் பிரஷரும் நிஜமாக இருக்கிற பிரஷரும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும், மிதிக்கும்போது நிஜமானது மட்டும் கீழே போனால் பில்டர், அது புதுசாக இருந்தால் டீசல் பம்பில் அளவைக் கட்டுப்படுத்துகிற எஸ்.சி.வி. வால்வு. முதலில் பில்டர். திரும்பச் சொல்கிறேன், பில்டரைப் பார்க்காமல் எதற்கும் காசு கொடுக்காதே.

காசு என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. வண்டி டிபாசிட்டுக்குக் கொடுத்ததைப் பற்றி நான் இதுவரை வாய் திறந்திருக்கிறேனா? இபிஎஃப் சேமநிதியில் சும்மா கிடந்த காசு அது. அம்மா நோட்டில் எழுத வந்தாள், நான்தான் எழுதாதே என்றேன்.

போன வாரம் கோயிலில் தோட்டத்தில் கணக்கெழுதின பழைய கிராணியைப் பார்த்தேன். மலை ரோட்டில் லோரி பின்னுக்கு எடுக்க உன்னை மாதிரி ஆள் இல்லை என்று முதலாளி தவுக்கேயே சொன்னாராம், எனக்கு நெஞ்சு நிறைந்துபோச்சு. அதே மூச்சில், உன்னைத் தாப்பா பாசாரில், அந்தச் சந்தையில், வாரத்துக்கு ஒரு தடவையாவது பார்ப்பதாகவும் சொன்னார். தாப்பாவிலிருந்து நம் வீடு இருக்கிற பீடோர் கால் மணி நேரம். நான் என்ன சொல்வது? ஆமாம் ஆமாம், பிள்ளைக்கு வேலை அதிகம் என்றேன். உன் சின்ன மாமாவும் இப்படித்தான் வேலை வேலை என்று ஆரம்பித்தார்.

பவர் இல்லாத வண்டியை வைத்துக்கொண்டு வளைவில் முந்தாதே, ராத்திரியில் ஏறாதே. பின்னால் லோரி ஒட்டிக்கொண்டு வந்தால் ஒதுங்கி வழி விடு, மானம் ஒன்றும் போகாது. மேலே போய்ச் சேர்ந்ததும் நான்கு வீலையும் தொட்டுப் பார், ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதுவும் வண்டியை இழுக்கவிடாது.

பில்டர் நான் வாங்கி வைத்துவிட்டேன், ஒரிஜினல். இனி நீ வாங்க வேண்டாம். சனிக்கிழமை பாசார் முடிந்து இந்தப் பக்கம் வண்டியைத் திருப்பு, அரை மணி நேர வேலை. வருவதை அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல், எனக்கு வேண்டாம்.

அப்பா