மூன்று ‘பார்டர்’ சேர்ந்தால் அது பார்டர் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சர்க்கரைக்கு ஒரு கட்டுரை, ரத்த அழுத்தத்துக்கு ஒரு கட்டுரை, கொலஸ்டிராலுக்கு ஒரு கட்டுரை என்று பத்திரிகைகள் தனித்தனியாகவே எழுதுகின்றன. இவை ஒரே உடலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி நிற்பதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றே எழுதுகிறேன்.

ஒருவரின் பரிசோதனை முடிவு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: வெறும் வயிற்றுச் சர்க்கரை 106, ரத்த அழுத்தம் 132/86, ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான டிரைகிளிசரைடு 168. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்ப்பவர் “பார்டர்தான், அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்று தாளை மடித்து வைத்துவிடுவார். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அவருக்கு இருப்பது மெட்டபாலிக் சின்ட்ரோம், அதாவது இத்தகைய கோளாறுகள் ஒன்றாகக் கூடி நிற்கும் நிலை. 2009-இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பும் அமெரிக்க இதயச் சங்கமும் வேறு சில அமைப்புகளும் ஒன்றுகூடி வகுத்த அளவுகோல் இதுதான்: சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல், ரத்த அழுத்தத்தில் மேல் எண் 130 அல்லது கீழ் எண் 85-ஐத் தொடுவது, டிரைகிளிசரைடு 150 அல்லது அதற்கு மேல், நல்ல கொலஸ்டிரால் எனப்படும் எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழே. இவற்றோடு வயிற்றுச் சுற்றளவு; அதன் எல்லையைக் கடைசியில் சொல்கிறேன். ஐந்தில் எந்த மூன்று இருந்தாலும் போதும். மாத்திரையால் அழுத்தம் 120/80-க்கு வந்துவிட்டவருக்கும் அது ஒன்றாகவே கணக்கு. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

உலகில் வயது வந்தோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இது இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. அமெரிக்காவில் மூன்றில் ஒருவர்; அங்கே 60 வயதைக் கடந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர். இது உள்ளவருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் ஐந்து மடங்கு. மாரடைப்பு, பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. கொழுப்புக் கல்லீரலும் சிறுநீரகப் பாதிப்பும் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும் இதன் கூடவே வருபவை.

இப்படி ஒரு பெயர் தேவையா, ஒவ்வொரு கோளாறையும் தனித்தனியே கவனித்தால் போதாதா என்று 2005-இல் அமெரிக்க, ஐரோப்பிய நீரிழிவுச் சங்கங்களே கேட்டன. நியாயமான கேள்வி. ஆனால் இவற்றின் வேர் பெரும்பாலும் ஒன்றுதான். வயிற்றுக்குள் குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பிலிருந்து கொழுப்பு அமிலங்கள் நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரல் இன்சுலினுக்குக் கட்டுப்படாமல் சர்க்கரையை வெளிவிடுகிறது. டிரைகிளிசரைடை அதிகம் தயாரிக்கிறது. அது கூடும்போது எச்.டி.எல். குறைகிறது. ஈடுகட்ட உடல் கூடுதலாகச் சுரக்கும் இன்சுலின், சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கி அழுத்தத்தையும் ஏற்றுகிறது. மொத்தக் கொலஸ்டிரால் 185 என்று நிம்மதி அடைபவர் அடுத்த வரிகளையும் படிக்க வேண்டும். அதே தாளில் எச்.டி.எல். 34, டிரைகிளிசரைடு 190 என்று இருக்கலாம்.

ரத்தம் எடுக்கும் இடங்களில் பெரும்பாலும் விட்டுப்போவது வயிற்றை அளக்கும் டேப். பேன்ட் அளவை வைத்து வயிற்றைக் கணக்கிடக் கூடாது. தொப்பை உள்ளவர்கள் பெல்ட்டை அதற்குக் கீழே கட்டுகிறார்கள். கடைசி விலா எலும்பின் அடிக்கும் இடுப்பெலும்பின் உச்சிக்கும் நடுவே, வெறும் உடம்பில், டேப் முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்க, இயல்பாக மூச்சை விட்டு முடித்ததும் அளக்க வேண்டும். வயிற்றை எக்கினாலோ டேப்பை இறுக்கினாலோ சில சென்டிமீட்டர் குறைத்துக் காட்டும். டிரைகிளிசரைடுக்குச் சுமார் 12 மணி நேர வெறும் வயிறு நல்லது. முந்தைய நாள் மது அருந்தியிருந்தால் எண் ஏறும். ரத்த அழுத்தத்தை ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, பேசாமல், இருமுறை பாருங்கள். பருத்த கையில் சிறிய பட்டையைக் கட்டினால் அழுத்தம் இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரியும்.

சரிசெய்ய முடியுமா? முடியும். சர்க்கரை எல்லையில் இருந்தவர்களிடம் அமெரிக்காவில் நடந்து 2002-இல் வெளியான பெரிய ஆய்வில், எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிட நடையும் இலக்காக வைக்கப்பட்டன. நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரையால் 31 சதவீதம்தான். 80 கிலோ உள்ளவருக்கு அந்த 7 சதவீதம் ஐந்தரை கிலோ சொச்சம். இனிப்பையும் மதுவையும் நிறுத்தினால் டிரைகிளிசரைடு சில வாரங்களிலேயே இறங்கும். எச்.டி.எல். மெதுவாகத்தான் அசையும், அதற்காக மனம் தளர வேண்டாம். நியாசின் என்ற மருந்தைக் கொடுத்து அதை ஏற்றிப் பார்த்த பெரிய ஆய்வுகளில், கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு மாரடைப்பு மேலும் குறையவில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மருத்துவப் பக்கத்தில் வயிற்றளவு எல்லையைப் போடும்போது, அமெரிக்க அட்டவணையிலுள்ள 102, 88 சென்டிமீட்டரை எடுத்துப் போட வேண்டாம். தெற்காசியர்களுக்குக் குறைந்த சுற்றளவிலேயே ஆபத்து தொடங்கிவிடுகிறது. ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்றே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்