கடைமடைக் கணக்கு

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே,
கார்த்திகை 5

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. நடுவில் இரண்டு பெருமழை, வீட்டில் ஒரு கல்யாணம், எனக்கு ஒரு பல் பிடுங்கல். தாமதத்துக்கு இவ்வளவு காரணம் போதும் என்று நினைக்கிறேன்.

நிதி ஆயோக்கின் 2023-24 நீடித்த வளர்ச்சி இலக்குக் குறியீட்டில் தமிழ்நாடு நூற்றுக்கு 78 மதிப்பெண் வாங்கியதைச் சொல்லி, "உங்கள் காவிரி டெல்டா எத்தனை வாங்கும், அதைப் பாதுகாக்க வந்த வேளாண் மண்டலச் சட்டத்தால் ஏதாவது நடந்ததா?" என்று கேட்டிருந்தாய். முப்பத்து மூன்று ஆண்டு மதிப்பெண் போட்டுச் சலித்தவனிடம் மறுபடியும் மதிப்பெண் கேட்கிறாயே!

சட்டத்தால் பயனில்லை என்று சொல்ல மாட்டேன். 2020இல் அது வந்தபோது தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களோடு புதுக்கோட்டை, கடலூரில் சில வட்டாரங்களையும் சேர்த்தார்கள். மயிலாடுதுறை தனி மாவட்டமான பிறகு அதையும் 2023இல் சேர்த்தார்கள். புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டக் கூடாது; உருக்காலை, தோல் தொழிற்சாலை கூடாது. ஏற்கெனவே நடப்பவற்றை அது தொடாது என்பதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்தல். ஆனாலும் 2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புப் பகுதிகள் நிலக்கரி ஏலப் பட்டியலிலிருந்து நீங்கியபோது, கையில் ஒரு சட்டம் இருப்பதன் தெம்பு தெரிந்தது. டெல்டா நிலத்தடியிலிருந்து வாயு எடுக்கும் மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பேசிக்கொண்டே அத்திவெட்டியில் கண்மூடினாரே இயற்கை வேளாண்மை நம்மாழ்வார், 2013 டிசம்பரில். அவர் இருந்திருந்தால், "சட்டம் வந்துவிட்டது, சரி, வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்ததா?" என்றுதான் கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

அதற்குத்தான் நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பள்ளியில் மிஞ்சிய கோடு போட்ட நோட்டு. பக்கத்துக்கு ஓர் ஆண்டு, இரண்டே கட்டம்: மேட்டூர் அணை திறந்த நாள், எங்கள் வாய்க்காலின் கடைசி மதகில் தண்ணீர் தலைகாட்டிய நாள். முதல் கட்டத்தைச் செய்தித்தாளைப் பார்த்து நிரப்பிவிடலாம். வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. 2012 முதல் எட்டு ஆண்டு அது தவறியது; 2020இல் வழக்கத்துக்கு வந்தது; 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2023இல் ஜூன் 12இல் திறந்து அக்டோபர் 10இல் மூடிவிட்டார்கள். 2024இல் திறந்ததே ஜூலை 28. எங்கள் மதகைத் தண்ணீர் தொட்டபோது ஆடிப்பெருக்கு முடிந்து பத்து நாளாகியிருந்தது. இரண்டாவது கட்டத்துக்கு நானேதான் சைக்கிளில் போய்ப் பார்த்துவர வேண்டும். எத்தனை கிலோமீட்டர் தூர்வாரினோம், எத்தனை ஏக்கர் நட்டோம் என்றெல்லாம் அறிவிப்பு வருகிறது. கடைசி மதகின் தேதியை எந்த அறிவிப்பிலும் நான் பார்த்ததில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. காவிரி நடுவர் மன்றம் 2007இல் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 419 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி) என்றது. உச்ச நீதிமன்றம் 2018இல் அதை 404.25 ஆக்கியது. குறைத்த 14.75இல் 10 டிஎம்சி, டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது என்பதற்காக. இருக்கிறதுதான், மேலே தஞ்சாவூர்ப் பக்கம். எங்கள் கொல்லையில் போர் போட்டபோது வந்த தண்ணீரில் என் மனைவி பருப்பு வேகவைத்துப் பார்த்தாள். அடுப்பு அணைந்தும் பருப்பு வேகவில்லை. அந்தப் பத்து டிஎம்சியில் எங்கள் பங்கு இந்த உப்புத் தண்ணீர்தான்.

ஆவணியில் நீடாமங்கலத்துக்கு மைத்துனர் வீட்டுக்குப் போயிருந்தேன். குறுவை வயலில் துளையிட்ட பிவிசி குழாய் ஒன்றைப் புதைத்திருந்தார். குழாய்க்குள் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே அரையடி இறங்கிய பிறகுதான் மோட்டார் போடுகிறார். நான் எட்டிப் பார்த்தபோது உள்ளே ஒரு வயல் நண்டு வாடகை கொடுக்காமல் குடியிருந்தது. தண்ணீர் தேங்கியே கிடந்தால் சேற்றுக்குள் காற்றுப் போகாது, அங்குள்ள நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்கும். காயவிட்டுப் பாய்ச்சினால் அது வெகுவாகக் குறையும் என்று அதிகாரிகள் சொன்னார்களாம். நம் தாத்தாக்கள் "காய்ச்சலும் பாய்ச்சலும்" என்று சொன்னதேதான். பூமிக்கு அடியில் இருக்கும் மீத்தேனுக்காக அத்தனை ஊர்வலம் போன நமக்கு, வயலிலிருந்து கிளம்பும் மீத்தேனைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே என்று இருவரும் சிரித்தோம்.

திரும்பும் பஸ்ஸில்தான் விஷயம் உறைத்தது. மைத்துனரால் வயலைக் காயவிட முடிகிறது, ஏனென்றால் மோட்டாரைத் தட்டினால் தண்ணீர் வரும். எங்களுக்கு முறைத் தண்ணீர்; முறை வைத்து வாய்க்காலில் விடும்போதுதான் உண்டு. அடுத்த முறை என்றைக்கென்று தெரியாதவன் வந்த தண்ணீரை வரப்பு வழிய நிறுத்தத்தான் செய்வான். அவனைப் பொறுப்பில்லாதவன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. தேதியை உறுதியாகச் சொல், அவனும் காயவிடுவான். இதில் வேடிக்கை என்னவென்றால், தண்ணீர் வருமோ வராதோ என்று நாங்கள் காலங்காலமாகக் காய்ந்த மண்ணில் செய்துவரும் புழுதி விதைப்பைத்தான் இப்போது நேரடி விதைப்பு என்று பரிந்துரைக்கிறார்கள். வழியில்லாமல் செய்ததற்கு இப்போது வயதான காலத்தில் பாராட்டு!

பறவைகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயங்கள் இரண்டும் 2022இல் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறின. உதயமார்த்தாண்டபுரம் ஏரிக்கும் காவிரித் தண்ணீர்தான். அரிவாள்மூக்கனுக்கும் எனக்கும் ஒரே முறைதான் என்று வைத்துக்கொள். ராம்சர் என்று எழுதிய பலகை புதிதாக, பளிச்சென்று இருக்கிறது. நீ வந்தால் கூட்டிப்போகிறேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் பிடித்துக்கொண்டது மழை. ஆடிப்பெருக்குக்குத் தண்ணீர் கொண்டுவராத அதே வாய்க்கால், இப்போது வெங்காயத்தாமரை அடைத்துக்கொண்டு வயல் தண்ணீரை வடிய விடமாட்டேன் என்கிறது. சம்பா முழங்கால் தண்ணீரில் நிற்கிறது. மண்வெட்டியோடு பக்கத்து வயல்காரர் வாசலில் நின்று குரல் கொடுக்கிறார், போகிறேன். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். உளுந்து வந்ததும் பத்துப் படி அனுப்புகிறேன்; போன வருடம் போலப் பணம் அனுப்பி வைக்காதே.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்