பூசணி பைக்கு நீ கேட்ட அளவு

அன்புள்ள பிள்ளைக்கு,

"பூசணி பை அளவு அனுப்புங்கோ அப்பா, ரின் வேண்டாம், முழுப் பூசணியிலிருந்து" என்று நீ போட்ட வரி கிடைத்தது. ஆவணிக்குப் பிறகு அந்த ஒரு வரிதான். வட்சப்பில் பதில் போட்டால் மேலே போய் மறைந்துவிடும் என்று தாளில் எழுதுகிறேன். பழைய முகவரிக்கே போடுகிறேன். அங்கேதான் இருக்கிறாய் என்று அம்மா சொல்கிறா.

அடிமாவில் பூசணிக் கலவை ஊற்றி வேகவைக்கிற பை இது, ஒன்பது அங்குல ஆழத் தட்டுக்குக் கணக்குச் சொல்கிறேன். எட்டுத் துண்டு வரும். ஒரு ஆளுக்கு அது கூட. எத்தனை பேர் என்று நீ எழுதவில்லை.

முதலில் பூசணி. ஹலோவீனுக்கு முகம் வெட்டுகிற பெரியதை வாங்காதே, அது தண்ணீரும் நாரும்தான். "பை பம்ப்கின்" அல்லது "ஷுகர் பம்ப்கின்" என்று ஒட்டியிருக்கிற சின்னது, ஒன்றரைக் கிலோ, காம்பு காய்ந்து, கையில் பாரமாக இருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் பட்டர்நட் எடு, குறைவென்று நினைக்காதே. இலினோயில் மோர்ட்டன் பக்கம் ரின்னில் அடைக்கிற டிக்கின்சன் பூசணியும் பட்டர்நட்டும் ஒரே இனம்தான்.

இரண்டாகப் பிளந்து, கொட்டையையும் நாரையும் கரண்டியால் வழித்துவிட்டு, வெட்டுப்பக்கம் கீழே இருக்கத் தட்டில் வை. அவண் 400 பாகை, எல்லாம் பாரன்ஹைட் கணக்கு. முக்கால் மணியிலிருந்து ஒரு மணித்தியாலம். தோல் சுருங்கி, கத்தி வெண்ணெயில் போவதுபோல் போனால் சரி. தண்ணீரில் போட்டு அவிக்காதே. பூசணி அந்தத் தண்ணீரையும் குடித்துவிடும். ஆறினபிறகு சதையை எடுத்து மிக்ஸியில் மைபோல் அரை.

இனித்தான் முக்கிய வேலை. தண்ணீரை எடுக்க வேண்டும். துணி விரித்த வடியில் ஒரு மணித்தியாலம் விடு. பிறகு அகலச் சட்டியில் மெல்லிய நெருப்பில் பத்து நிமிடம் கிளறு. முதலில் சளசளக்கும், பிறகு புட்புட் என்று கொப்புளம் விடும், நிறமும் ஒரு படி இருளும். கரண்டியால் நடுவில் கோடு இழுத்துப் பார். கோடு உடனே மூடாமல் நின்றால் போதும். 425 கிராம் நிறுத்து எடு. அமெரிக்கக் குறிப்புகளில் "ஒரு ரின்" என்பது இந்த 425 தான். எங்கள் கனடாக் கடையில் இருக்கிற 796 மில்லி ரின்னை முழுக்கக் கவிழ்த்துவிட்டுப் பை இறுகவில்லை என்று அழுகிறவர்கள் கனபேர்.

அந்தச் சட்டியிலேயே சூடாக இருக்கும்போது 150 கிராம் சிவப்புச் சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி கறுவாத்தூள், அரைத் தேக்கரண்டி சுக்குத்தூள், கால் தேக்கரண்டி சாதிக்காய், கராம்புத்தூள் ஒரு சிட்டிகை. கராம்பு கூடினால் பல்வலி மருந்து மணக்கும். பச்சை இஞ்சி போடாதே, அது பாலைத் திரைய வைக்கும். சரக்குத்தூள் சூட்டில் ஒரு நிமிடம் வதங்கினால்தான் வாசம் எழும்பும். உனக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. பன்னிரண்டு வயதில் கறித்தூள் வறுபடுவதை மணத்தில் கண்டுபிடித்தவள் நீ.

அடுப்பை அணைத்து, எவாப்பரேட்டட் பால், சீனி போடாமல் வற்றவைத்தது, ஒரு ரின், 354 மில்லி, விட்டுக் கலக்கு. தேத்தண்ணிக்கு விடுகிற ரின்பால் இல்லை, கவனம். அது இனிப்பு, பை பாகாகிவிடும். கொஞ்சம் ஆறவிட்டு மூன்று முட்டை. நுரை வர அடிக்காதே, நுரை மேலே ஓட்டை ஓட்டையாக நிற்கும்.

அடிமா: கோதுமை மா 160 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி, குளிர் பட்டர் 113 கிராம். பட்டரைப் பட்டாணி அளவில் விட்டு நுனி விரலால் உதிர். உள்ளங்கை பட்டால் உருகிவிடும். ஐஸ்தண்ணீர் மூன்று மேசைக்கரண்டி, தேவையென்றால் இன்னொன்று. கல்கரிக் காற்றில் மா காய்ந்திருக்கும், அந்த இன்னொன்று தேவைப்படும். ஒரு மணித்தியாலம் பிரிஜ்ஜில் வைத்து, உருட்டி, தட்டில் இழுக்காமல் போடு. இழுத்துப் போட்டால் வேகும்போது சுவர் சரியும். தட்டோடு இன்னும் அரை மணி குளிரவிடு.

கலவை ஊற்றமுன் அடிமாவை மட்டும் தட்டோடு முதலில் வேகவை. கடதாசி விரித்து, விளிம்புவரை அரிசி நிரப்பி, 400 பாகையில் இருபது நிமிடம். பிறகு கடதாசியை எடுத்துவிட்டு எட்டு நிமிடம். இதை விட்டால் அடிமா ஈரக்களியாக இருக்கும். பூசணியில் தண்ணீர் நின்றாலும் அதே களிதான். அதனால் திரும்பவும் சொல்கிறேன், தண்ணீரை எடு.

சூட்டுத் தட்டில் கலவையை ஊற்று. மிஞ்சினால் கிண்ணத்தில் வேகவை. அவணின் கீழ்த்தட்டில் 425 பாகையில் பதினைந்து நிமிடம், பிறகு 350க்கு இறக்கி முப்பது, நாற்பது நிமிடம். விளிம்பு கறுத்தால் அலுமினியத் தாளால் மூடு. நிமிடத்தை நம்பாதே. நீ இப்போது இருக்கிற வீட்டின் அவண் எப்படி என்று எனக்குத் தெரியாது. சொன்னால்தானே தெரியும். உள்ளே தொங்கவிடுகிற வெப்பமானி ஒன்று வாங்கு. முள் 350 காட்ட உள்ளே 400 இருக்கிற அவண்கள் உண்டு.

தட்டை மெல்ல ஆட்டு. ஓரம் இறுகி, நடுவில் இரண்டு, மூன்று அங்குலம் மட்டும் தளதளத்தால் வெளியே எடு. நடுவில் 175 பாகை. மிச்சத்தைத் தன் சூட்டில் அது முடித்துக்கொள்ளும். நடுவும் இறுகட்டும் என்று விட்டால் முட்டை இறுகித் தண்ணீரைக் கக்கும், மேலே வெடிப்பு விழும். இரண்டு மணித்தியாலம் ஆறவிட்டுப் பிறகு பிரிஜ்.

இங்கே கனடாவில் தாங்ஸ்கிவிங் ஒக்டோபர் இரண்டாம் திங்கள். சனிக்கிழமை பூசணி, ஞாயிறு பை. திங்கள் வெட்டினால் துண்டு நேராக வரும். பத்து வருடம் அந்தத் திங்களில் இங்கே வெட்டினது நீதான். இந்த முறை அம்மா கடையில் விற்கிற பூசணி பை போதும் என்கிறா. போதுமென்றால் போதும்தான்.

மாமியின் விசயம் சரிவந்துவிட்டது. வேறு புதினம் இல்லை.

ஒன்று மட்டும் எழுது. சாப்பிட வருகிற ஆள் முட்டை தின்னாத ஆளோ? பால் ஒத்துக்கொள்ளாத ஆளோ? அப்படியென்றால் முட்டைக்குப் பதில் கால் கோப்பை சோளமா, எவாப்பரேட்டட் பாலுக்குப் பதில் கட்டித் தேங்காய்ப்பால், பட்டரும் மாற வேண்டும். அதற்குச் சூடும் நேரமும் வேறு. ஆள் எப்படி என்று சொன்னால் அந்தக் கணக்கையும் எழுதி அனுப்புகிறேன். கடிதம் பிந்துமென்றால் போன் எடு, இரவு பத்துமட்டும் முழித்திருப்பேன்.

அப்பா