ஊசியா, ஆபரேசனா? இரண்டையும் ஒரே மேசையில் வைத்துச் சொல்லுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களில் உடல் பருமனுக்குச் சிகிச்சை தரும் மருத்துவர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகத்தாருக்கும் வணக்கம்.

சோமனூரில் விசைத்தறி நடத்தும் குடும்பம் எங்களுடையது. என் கணவருக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை. எடை நூறு கிலோவைத் தாண்டிவிட்டது. ஒரு மருத்துவமனையில் அறுவை நிபுணரைப் பார்த்தோம். இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேசன் என்று சொல்லி, பேக்கேஜ் தொகையையும் அட்மிஷன் தேதியையும் எழுதிக் கொடுத்தார்கள். வேறோர் இடத்தில் சர்க்கரை மருத்துவர் சர்க்கரையையும் எடையையும் குறைக்க வாரம் ஒருமுறை போடும் ஊசியை எழுதினார். முதலாமவர் ஊசியைப் பற்றி வாயே திறக்கவில்லை. இரண்டாமவரிடம் ஆபரேசன் பற்றிக் கேட்டதற்கு, "அதெல்லாம் எதுக்குங்க" என்பதோடு பேச்சு முடிந்தது. எந்த வாசலில் முதலில் நுழைகிறோமோ அந்தச் சிகிச்சைதான் வாய்க்கிறது. இதை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஒப்பிட்டுச் சொல்ல விவரம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் சர்க்கரையும் கூடுதல் எடையும் உள்ள 150 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து நடத்திய ஸ்டாம்பீட் ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2017-ல் வெளிவந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (எச்பிஏ1சி) 6 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தவர்கள், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம். மருந்தோடு பைபாஸ் (இதயத்துக்கு அல்ல, இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு இணைப்பது) செய்தவர்களில் 29. ஸ்லீவ் செய்தவர்களில் 23. எடை முறையே 5, 23, 19 சதவீதம் குறைந்தது. ஆபரேசனுக்குப் பலம் உண்டு. அதை மறைத்து நோயாளியைப் பயமுறுத்துவது தவறு. ஆனால் அதே கணக்கின்படி, ஆபரேசன் செய்துகொண்டவர்களிலும் பத்தில் ஏழு பேர் ஐந்தாம் வருடத்தில் அந்த இலக்கில் இல்லை. சர்க்கரை அடியோடு போய்விடும் என்று விளம்பரம் எழுதுபவர்கள் அந்த ஏழு பேரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த ஆய்வு தொடங்கிய காலத்தில் இன்றைய ஊசிகள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சர்க்கரை இல்லாதவர்களிடம் செமாகுளூட்டைடு என்ற வார ஊசி 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடையைக் குறைத்தது. டிர்செபடைடு என்ற இன்னொரு வார ஊசி உச்ச டோஸில் 72 வாரத்தில் 21 சதவீதம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அவ்வளவு இறங்குவதில்லை, முறையே சுமார் 10, 15 சதவீதம்தான். என் கணவரைப் போன்றவர்களுக்கு இந்த இரண்டாவது கணக்கைத்தானே காட்ட வேண்டும்? செமாகுளூட்டைடை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருடத்தில் திரும்பிவிட்டது. அப்படியானால் ஒரு மாதச் செலவைச் சொன்னால் போதாது. பத்து வருடத்துக்கு எவ்வளவு ஆகும் என்று எழுதிக் கொடுங்கள்; தறிக் கூலியை நம்பி வாழ்கிற குடும்பங்கள் அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும்.

ஆபரேசனும் ஒருநாள் செலவோடு முடிவதில்லை. ஸ்லீவில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறீர்கள். அதைத் திரும்ப வைக்க முடியாது. சிலருக்கு நெஞ்செரிச்சல் கூடுகிறது. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் வாழ்நாள் முழுக்க வேண்டும். வருடாவருடம் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். ஆபரேசனுக்குப் பிறகு ஒன்று முதல் ஒன்றரை வருடத்துக்குக் கருத்தரிக்கக் கூடாது என்பதைப் பெண்ணிடம் மட்டும் சொன்னால் போதுமா? "விசேஷம் உண்டுங்களா" என்று கேட்டுக்கொண்டே இருக்கும் மாமியார் வீட்டுக்கும் யார் சொல்வது? பைபாஸுக்குப் பிறகு சாராயம் சட்டென்று போதையேற்றும் என்பதும் குடிக்கிற ஆண்களுக்கு முன்னாலேயே தெரிந்தாக வேண்டும்.

சாப்பாட்டு விஷயம் இன்னும் பெரிது. அரிசிம்பருப்புச் சோறும் சந்தகையும் தேங்காய்ப்பாலும் ஒப்புட்டும் எங்கள் சமையல். கல்யாணப் பந்தியில், "என்னங்க, எலையில எல்லாம் அப்படியே கெடக்குது" என்று மறுபடி பரிமாறாவிட்டால் மரியாதை இல்லை என்று நினைக்கும் ஊர் இது. "புரதம் முதலில், சோறு கடைசியில்" என்று அச்சடித்த தாள் கொடுத்து அனுப்புகிறீர்கள். பச்சைப்பயறு கடைசல் எத்தனை கரண்டி, முட்டை எத்தனை, சந்தகை எப்போதிலிருந்து என்று எங்கள் அடுப்பங்கரைக்குப் பொருந்தும்படி யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும். ஊசி போடுபவர்களுக்கும் இது வேண்டும். பசி செத்துப்போய்ப் புரதமும் குறைந்தால் கொழுப்போடு சதையும் கரையும்.

காப்பீடு பற்றி ஒரு வார்த்தை. 2022-ல் சர்வதேச அறுவை மருத்துவ அமைப்புகள், ஆசியர்களுக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 27.5-ஐத் தாண்டினாலே ஆபரேசனை ஒரு வழியாக முன்வைக்கலாம் என்றன. 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு அது 75 கிலோ. தனியார் மருத்துவக் காப்பீட்டின் பொது விதியோ, கட்டுப்படாத சர்க்கரை போன்ற துணைநோய் இருந்தால் 35, இல்லாவிட்டால் 40 என்கிறது. அதே உயரத்துக்கு 95 கிலோ அல்லது 109 கிலோ. இந்த இடைவெளியில் மாட்டியவர்கள் நகையை அடகு வைக்கிறார்கள். காப்பீட்டு ஆணையத்திடம் நாங்கள் பேசினால் எடுபடாது. உங்கள் சங்கங்கள் பேச வேண்டும்.

அறுவை நிபுணர், சர்க்கரை மருத்துவர், உணவு ஆலோசகர் மூவரும் சேர்ந்து நோயாளியைப் பார்க்காமல் ஆபரேசனுக்குக் கையெழுத்து வாங்காதீர்கள். மாதக்கணக்கில் ஊசியும் எழுதாதீர்கள். அந்தச் சந்திப்புக்கு வீட்டில் சமைப்பவரையும் கூப்பிடுங்கள். மறுபரிசோதனையை ஞாயிற்றுக்கிழமையிலும் வையுங்கள். வாரநாளில் தறியையும் பனியன் கம்பெனி ஷிஃப்டையும் விட்டுவிட்டு இவர்களால் வர முடியாது.

இப்படிக்கு,
சோமனூரிலிருந்து ஒரு விசைத்தறிக் குடும்பத்துப் பெண்