வழக்கு தொடங்குவது வீட்டில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஈரானிய இயக்குநர் அஸ்கர் ஃபர்ஹாதியைப் பற்றி வெளிவந்த கட்டுரை, அவருடைய ‘எ செபரேஷன்’ (2011) படத்தை வசனத்தின் பலத்தில் நிற்கும் நீதிமன்றக் கதையாகவே மதிப்பிட்டிருந்தது. பெர்லின் திரைப்பட விழாவில் உயரிய விருதான தங்கக் கரடியும் அடுத்த ஆண்டு ஆஸ்கரும் வென்ற அந்தப் படத்தில் நீதிபதியின் முன் நடக்கும் வாக்குவாதங்கள் முக்கியமானவைதான் என்றாலும், அந்த வழக்கின் வேர் தெஹ்ரானின் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குள் இருப்பதைக் கட்டுரையாளர் கவனிக்காமல் விட்டது எனக்கு வருத்தமளித்தது.

கணவரைப் பிரிந்து கிளம்பும் சிமின், படிக்கட்டில் பியானோவைச் சுமக்கும் ஆட்கள் ஒரு மாடிக்குக் கூடுதல் கூலி கேட்டதும், வீட்டிலிருந்த பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். சாமான்கள் நகரும் சந்தடியில் நாம் அதைப் பொருட்படுத்துவதில்லை. பிறகு, மறதி நோயால் வாடும் தந்தையைக் கட்டிலோடு கட்டிவிட்டுப் பணிப்பெண் ராஸியே வெளியே போய்விட்டார் என்ற ஆத்திரத்தில் இருக்கும் சிமினின் கணவர் நாதெர், அந்தப் பணத்தையும் அவர்தான் திருடினார் என்று பழி சுமத்தி, அவரை வாசலுக்கு வெளியே தள்ளுகிறார். கர்ப்பிணியான ராஸியேயின் கரு கலைந்ததற்கு அவர் தள்ளியதுதான் காரணமா என்பதே வழக்கு. ஆனால் ராஸியே படியில் எப்படி விழுந்தார் என்பதைப் படம் காட்டுவதில்லை. அதனால் சாட்சியம் சொல்ல வேண்டிய நிலையில் பார்வையாளர்களாகிய நாமும் நிற்கிறோம். நாடகத்துறையில் பயின்று வந்த ஃபர்ஹாதிக்கு, யார் எந்தக் கதவு வழியாக வந்து எதைப் பார்க்காமல் போகிறார் என்பதே கதை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஈரானியத் தணிக்கை விதிகளின்படி, கணவன் மனைவியாக நடிப்பவர்கள்கூடத் திரையில் ஒருவரையொருவர் தொட்டுக்கொள்ள முடியாது. வீட்டுக்குள் நடக்கும் காட்சியிலும் பெண்கள் தலையை மூடியே இருக்க வேண்டும். எனவே அன்பையும் கோபத்தையும் கைகளால் காட்ட வழியில்லாத இடத்தில், ஃபர்ஹாதி அவற்றைக் கண்ணாடித் தடுப்புகளுக்கும் பாதி திறந்த கதவுகளுக்கும் மாற்றிவிடுகிறார். முதியவரின் நனைந்த உடையைத் தானே மாற்றுவது பாவமாகுமா என்று ராஸியே தொலைபேசியில் விசாரிக்கும் காட்சியும், தந்தையைக் குளிப்பாட்டும்போது நாதெர் அடக்க முடியாமல் அழும் காட்சியும் இந்தக் கட்டுப்பாட்டின் இரு பக்கங்கள். மனைவியிடம் காட்ட முடியாத தளர்ச்சியை அந்தக் குளியலறையில்தான் அவர் வெளிப்படுத்துகிறார் என்பதாலேயே, படத்தின் எந்த வாதத்தைவிடவும் அது என்னைப் பாதித்தது.

ஃபர்ஹாதியின் ‘தி சேல்ஸ்மேன்’ (2016) படமும், பக்கத்து மனையில் தோண்டியதால் விரிசல்விடும் குடியிருப்பிலிருந்து ஒரு தம்பதி வெளியேறுவதில்தான் தொடங்குகிறது. இதைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது.

‘எ செபரேஷன்’ படத்தின் ஒளிப்பதிவாளர் மஹ்மூத் கலாரி, படத்தொகுப்பாளர் ஹாயிதே சஃபியாரி ஆகியோரின் பெயர்கள்கூடக் கட்டுரையில் இடம்பெறவில்லை. அந்தச் சிறிய வீட்டுக்குள் கேமராவைக் கையில் ஏந்தி நடந்தவரையும், எதைக் காட்டாமல் நறுக்க வேண்டும் என்று அறிந்தவரையும் பற்றித் தங்கள் இணைப்பிதழ் தனியே ஒரு கட்டுரை வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி