லூகோவுக்கு நாங்கள் பட்ட கடன்

லூகோ அணியினருக்கும், எல்லாருக்கும் முன்னால் பாப்லோ கபயேரோவுக்கும்,

வணக்கம். இந்த மடல் உங்கள் கண்ணில் படப்போவதில்லை. பட்டாலும் படிக்க முடியாது. பரவாயில்லை, சொல்லாமல் வைத்துக்கொள்ள முடியவில்லை. எங்கள் கால்பந்து அணி, ஸ்பெயினின் ஸ்போர்ட்டிங் ஹிஹோன், முதல் டிவிஷனுக்கு ஏறிவிட்டது. 2012ல் இறங்கிய அணி, மூன்று பருவம் கழித்து, இந்த 2015 ஜூனில் மேலே போகிறது. இந்த மூன்று வருடத்தில் என்னவெல்லாம் நடந்தது, சம்பளம் எப்போது வந்தது, எப்போது வரவில்லை, லீக் ஏன் புது ஆள் எடுக்க விடாமல் கையைக் கட்டிப்போட்டது என்பதெல்லாம் இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். மறுபடி அந்தக் கணக்கைத் திறக்க மனமில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு மட்டும் போதும். 2015 ஜூன் 7, கடைசிச் சுற்று, எல்லா ஆட்டங்களும் ஒரே நேரத்தில். இரண்டாமிடத்தில் ஜிரோனா 81 புள்ளி, மூன்றாமிடத்தில் நாம் 79. நேராக மேலே போவது முதல் இரண்டு அணிகள் மட்டும். முதலிடத்தில் இருந்த பெத்திஸ் ஏறுவது ஏற்கெனவே உறுதி. ஆக மிச்சம் ஒரே ஒரு கதவு. அது திறக்க இரண்டு காரியம் சேர்ந்து நடக்க வேண்டியிருந்தது: செவில்லில் பெத்திஸை அதன் சொந்த மைதானத்திலேயே நாம் வெல்ல வேண்டும், தன் மைதானமான மோந்திலிவியில் ஜிரோனா வெல்லாமல் இருக்க வேண்டும். நாம் டிரா செய்தால் 80, ஒன்றுக்கும் உதவாது. நாம் வென்று ஜிரோனாவும் வென்றால் அவர்களுக்கு 84, அதுவும் உதவாது. நாம் வென்று ஜிரோனா டிரா செய்தால் இருவருக்கும் 82. ஸ்பெயினில் புள்ளி சமமானால் மொத்த கோல் வித்தியாசத்தை முதலில் பார்ப்பதில்லை. அந்த இரு அணிகளும் நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களைத்தான் முதலில் பார்ப்பார்கள். சமமானால் நாம்தான் மேலே.

முதல் காரியத்தைப் பையன்கள் முடித்துவிட்டார்கள். 3-0. அது நம் கையில் இருந்தது. இரண்டாவது, ஜிரோனாவோடு மோதிய உங்கள் கையில் இருந்தது.

உங்கள் நிலையை யோசித்துப் பார்க்கிறோம். ஏறும் வாய்ப்பு இல்லை, இறங்கும் பயமும் இல்லை. 42வது ஆட்டம். வடமேற்கு மூலையில் இருக்கும் கலீசியாவிலிருந்து வடகிழக்கு மூலையில் இருக்கும் ஜிரோனாவுக்கு, ஸ்பெயினின் அகலம் முழுக்கக் கடந்து வந்திருக்கிறீர்கள். எதிரில் வாழ்நாளில் முதன்முறையாக முதல் டிவிஷனைத் தொடப்போகும் ஓர் ஊர். மைதானம் முழுக்க அவர்கள் ஆட்கள். நேரம் ஓடி ஓடி ஆட்டம் 1-0ல் வந்து நிற்கிறது. இந்த இடத்தில் ஓர் அணி விட்டுவிட்டால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. வேண்டுமென்றே விடுவது வேறு, அதை நாங்கள் சொல்லவில்லை. கால் ஒரு அரை நொடி தாமதமாகப் போவது, திரும்பி வந்த பந்தின் பின்னால் ஓடாமல் நிற்பது, கார்னருக்கு ஆறு பேர் போக வேண்டிய இடத்தில் நான்கு பேர் போவது. அவ்வளவுதான். பருவக் கடைசியில் பாதி ஆட்டங்கள் இப்படித்தான் செத்துப்போகின்றன.

அதுமட்டுமல்ல. ஸ்பெயினில் கடைசிச் சுற்று வந்தாலே பணப்பெட்டிப் பேச்சும் கூடவே வரும். மூன்றாவது அணி ஒன்று ஊக்கத்தொகை கொடுப்பதற்கு விதி தடை போட்டிருக்கிறது, ஆனாலும் வருடம் தவறாமல் வதந்தி கிளம்பும். அந்தச் சூழ்நிலையில், ஒன்றுமே கிடைக்கப்போகாத ஓர் அணி கடைசி விசில் வரை முறையாக ஆடுவதுதான் லீகின் அட்டவணைக்கே மரியாதை. உங்கள் கோச் கீகே செத்தியேன் 2009லிருந்து உங்களைப் பழக்கிய விதம் அப்படி. 2012ல் மூன்றாம் அடுக்கிலிருந்து மேலே கொண்டுவந்தார், அன்றிலிருந்து பந்தைத் தூக்கி அடித்துவிட்டு ஓடும் ஆட்டம் உங்களிடம் கிடையாது. பாஸ் செய்துகொண்டே இருப்பீர்கள். ஒரு கோல் முன்னிலையைக் காப்பாற்ற நினைக்கும் அணிக்கு இதைவிடத் தொல்லை வேறில்லை. பந்து கைக்கு வராததால் அவர்களின் கோடு ஒவ்வொரு நிமிடமும் இரண்டடி பின்னால் போகும். பெட்டிக்குள் ஆள் குவியும், அடித்து வெளியேற்றும் பந்து வெளியே நிற்கும் உங்கள் ஆளிடமே திரும்பி வரும். மறுபடி தாக்குதல். காப்பாற்றுகிறவனுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்காது.

கூடுதல் நேரத்தில் கபயேரோ அடித்தார். 1-1.

ஒரு கோல். உங்கள் அட்டவணையில் அதனால் எதுவும் மாறவில்லை. கபயேரோ, நீங்கள் அர்ஜென்டினாக்காரர், எங்கள் மாநிலமான அஸ்தூரியாஸோடு உங்களுக்கு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. உங்கள் வேலையைச் செய்தீர்கள். அந்த ஒரு வேலையால் ஹிஹோனில் ஒரு ஊரே தெருவுக்கு வந்துவிட்டது. இவ்வளவு பெரிய உதவியை இவ்வளவு தற்செயலாக யாரும் செய்ததில்லை என்று நினைக்கிறோம்.

ஜிரோனாவைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் வலி எங்களுக்குப் புரிகிறது, கேலி செய்கிறவர்களோடு நாங்கள் இல்லை. எங்களைவிட அதிக ஆட்டங்களை வென்றவர்கள் நீங்கள். பிளே-ஆஃப் என்று மேலே போக இன்னொரு வழி இன்னும் இருக்கிறது: மூன்றாமிடத்துக்கு ஆறாமிடத்தில் வந்த சரகோசா எதிரணி, இரண்டாவது ஆட்டம் உங்கள் ஊரில். மனம் உடையாமல் ஆடுங்கள்.

இப்போது அந்த 82 புள்ளி எப்படி வந்தது என்பதற்கு வருவோம், ஏனென்றால் லூகோவின் கோல் காலியான தட்டில் வந்து விழவில்லை. 42 ஆட்டத்தில் 21 வெற்றி, 19 டிரா, 2 தோல்வி. வெற்றிக்கு மூன்று புள்ளி என்று ஆன பிறகு இவ்வளவு டிரா செய்யும் அணி பொதுவாக மேலே போகாது. இரண்டு டிராவுக்கு 2 புள்ளி, ஒரு வெற்றி ஒரு தோல்விக்கு 3. அப்படியிருந்தும் போனதற்கு அந்த 2 தோல்விதான் காரணம். வாங்கிய கோல் 27 மட்டும். இது ஒரு டிஃபெண்டர் கட்டிய அணி, பார்த்தாலே தெரியும்.

எங்கள் கோச் அபெலார்டோ ஃபெர்னாண்டஸ் 1970ல் ஹிஹோனில் பிறந்தவர். ஸ்போர்ட்டிங்கின் பயிற்சிப் பள்ளியான மரேயோவில் வளர்ந்து அதன் சென்டர்-பேக் (நடுத் தடுப்பாட்டக்காரர்) ஆனார். 1992 ஒலிம்பிக் இறுதியில், கேம்ப் நோவில், போலந்துக்கு எதிராக ஸ்பெயின் பின்தங்கியிருந்தபோது சமன் செய்த கோல் அவருடையது. 3-2ல் தங்கம். 1994ல் பார்சிலோனா. எட்டு பருவம், 1998லும் 1999லும் லீக் பட்டம், 1997ல் கோப்பை வென்றோர் கோப்பை, நாட்டுக்கு 54 ஆட்டம். கடைசியில் முழங்கால் தாங்கவில்லை. 2003ல் அலாவேஸில் விளையாட்டை முடித்துக்கொண்டார். இவ்வளவு பெயர் இருந்தும் கோச்சாக நேராகப் பெரிய நாற்காலிக்குப் போகவில்லை. கந்தாஸ், துய்யா என்று அஸ்தூரியாஸின் சின்னச் சின்ன கிளப்புகளில், ஸ்போர்ட்டிங் பி என்ற இரண்டாம் அணியில் கை பழகினார். 2014 மே மாதம், பருவம் முடிய சில சுற்றுகளே இருந்தபோது, கோச் சந்தோவாலுக்குப் பதிலாக முதல் அணியைக் கையில் கொடுத்தார்கள். பிளே-ஆஃப் வரை கொண்டுபோனார். அங்கே லாஸ் பால்மாஸ் அணி தடுத்துவிட்டது.

பிறகு கோடை வந்தது, புது ஆள் எடுக்க வழியில்லை என்று தெரிந்தது. அப்போது கோச் முன் இருந்தது மரேயோ மட்டும். வெளியிலிருந்து பார்த்தவர்கள், 'பையன்களை இறக்க வேண்டியதுதானே' என்று சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். அது அவ்வளவு சுலபமில்லை. முதல் அணி உரிமம் உள்ளவர்கள் 1 முதல் 25 வரை எண் போடுவார்கள். பி அணி உரிமத்தோடு மேலே வரும் பையன்களுக்கு 26க்கு மேல். களத்தில் எந்த நிமிடமும் முதல் அணி உரிமம் உள்ளவர்கள் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும். நான்கு பையன்களோடு ஆட்டத்தைத் தொடங்கிவிட்டால், பிறகு முதல் அணி ஆள் ஒருவருக்குக் காலில் பிடித்துக்கொண்டால், அவருக்குப் பதிலாக ஐந்தாவது பையனை இறக்க முடியாது. இறக்கினால் தகுதியற்ற அணி என்று ஆட்டமே பறிபோகும். ஆகவே பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது ஒவ்வொரு வாரமும் ஒரு கணக்கு. மெலிந்த அணியில் இந்தக் கணக்கை 42 வாரம் தப்பில்லாமல் போடுவது கோச் வேலையில் யாரும் கைதட்டாத பகுதி. நாங்கள் தட்டுகிறோம்.

ஆட்டமும் அதற்கேற்றபடிதான். கோல்கீப்பர் குவேயார், அவர் முன்னால் லூயிஸ் எர்னாண்டஸ் போன்றவர்கள் பெட்டியை விட்டு அதிகம் வெளியே வராத கோடு. நடுவில் செர்ஹியோவும் நாச்சோ காசெஸும், ஒருவர் முன்னே போனால் ஒருவர் பின்னே. பந்தைப் பிடுங்கியதும் இடதுபுறம் ஜோனிக்கு. கார்லோஸ் காஸ்ட்ரோ, கெரேரோ முன்னால் ஓடுவார்கள். இளம் அணிகள் வழக்கமாகத் தோற்பது கோல் அடித்த பிறகு வரும் பத்து நிமிடத்தில்தான். உற்சாகத்தில் எல்லாரும் முன்னே போய்விடுவார்கள், நடுவில் ஓட்டை விழும். இந்தப் பையன்கள் அப்படிப் போகவில்லை. பள்ளிவயது தாண்டிய கையோடு ஹோர்ஹே மெரே சென்டர்-பேக்கில் நின்ற நிதானத்தைப் பார்த்தவர்கள், யார் சொல்லிக்கொடுத்தார் என்று கேட்க வேண்டியதில்லை.

வரிசையாகச் சில நன்றிகள், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். 1978லிருந்து திறந்திருக்கும் மரேயோவில் பெயர் வெளியே வராமல் சிறுவர்களுக்குப் பந்தை நிறுத்தச் சொல்லிக்கொடுக்கும் கோச்சுகளுக்கு. சம்பளம் தாமதமான மாதங்களிலும் புல் வெட்டியவர்களுக்கு, சட்டை துவைத்தவர்களுக்கு, பிசியோக்களுக்கு. தங்கள் மைதானத்தில் தோற்றும், வந்த விருந்தாளிகளோடு கூடிக் கொண்டாடிய பெத்திஸ் ரசிகர்களுக்கு (பச்சை-வெள்ளைக்கும் சிவப்பு-வெள்ளைக்கும் உள்ள பழைய சிநேகம் இன்னும் கெட்டியாக இருக்கிறது). வடக்குக் கடலோரத்திலிருந்து தெற்கு வரை பஸ்ஸில் போனவர்களுக்கு. கந்தாஸுக்கும் துய்யாவுக்கும் தனியாக, ஒரு கோச் தவறு செய்து பழக இடம் கொடுத்ததற்கு.

மனோலோ பிரெசியாதோவுக்கு நன்றி சொல்ல அவர் இல்லை. 2008ல் இதே அணியை மேலே ஏற்றிய கோச். அவர் இறந்தது 2012 ஜூன் முதல் வாரத்தில். மூன்று வருடம் கழித்து கிட்டத்தட்ட அதே நாளில் இது நடந்திருக்கிறது. அதற்கு மேல் இதில் எழுத எங்களால் முடியவில்லை.

இன்னொரு பொருத்தம். அபெலார்டோவும் லூயிஸ் என்ரிகேயும் ஒரே ஊர், ஒரே வருடம், சிறுவயதுத் தோழர்கள். மரேயோவிலும் ஒலிம்பிக் அணியிலும் பார்சிலோனாவிலும் சேர்ந்தே ஆடியவர்கள். சனிக்கிழமை இரவு பெர்லினில் யுவென்டஸை 3-1ல் வென்று பார்சிலோனாவின் கோச்சாக லூயிஸ் என்ரிகே சாம்பியன்ஸ் லீக் எடுத்தார். மறுநாள் அபெலார்டோ இதை எடுத்தார். உலகம் சனிக்கிழமையைத்தான் பேசுகிறது, பேசட்டும். மெஸ்ஸி, நெய்மார், சுவாரஸ் வைத்துக்கொண்டு வெல்வதும் ஒரு கலைதான், மறுக்கவில்லை. ஆள் எடுக்க அனுமதியே இல்லாமல் 42ல் 2 மட்டும் தோற்பது அதைவிடக் கடினம் என்பது எங்கள் கட்சி. யாராவது சண்டைக்கு வரலாம்.

கடைசியாக, லூகோவுக்கு ஒரு வாக்கு. இனி நீங்கள் இரண்டாம் டிவிஷன், நாங்கள் முதல் டிவிஷன். லீகில் சந்திக்க வழியில்லை. ஆனாலும் ஒவ்வொரு வாரமும் எங்கள் முடிவைப் பார்த்த கையோடு உங்கள் முடிவையும் பார்ப்போம். அரசர் கோப்பையில் சீட்டு விழுந்து நீங்கள் எங்கள் மைதானமான எல் மொலினோனுக்கு வந்தால், கபயேரோவின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லும்போது மொத்த மைதானமும் எழுந்து நிற்கும், அதை அங்கிருக்கும் ரசிகர்கள் மறக்க மாட்டார்கள். கைதட்டி முடிந்து ரெஃப்ரி விசில் ஊதிய பிறகு மட்டும் ஒரு வேண்டுகோள், இது அபெலார்டோவுக்கு: அந்த ஆளுக்கு இரண்டு சென்டர்-பேக்கையும் ஒட்டவைத்துவிடுங்கள், முக்கியமாகக் கூடுதல் நேரத்தில்.

நன்றியுடன்,
சிவப்பு-வெள்ளைக்காரர்கள்