மூன்றாம் நம்பர் புத்தகம்

மக்களே,

கொச்சி தோப்பும்படித் துறையில் உன் போட் கரை அணைந்து பன்னிரண்டு நாளாச்சு என்று பெரியம்மா மகன் சொன்னான். டீசலும் ஐஸும் ஏற்றுகிறீர்களாம், அடுத்து கடலில் தங்கிப் பிடிக்கிற தங்கல் நாற்பது நாளாம். சரி, வேலை இருக்கும்.

எஞ்சின் ரூமில், எஞ்சினைக் குளிரவைக்கக் கடல் தண்ணீர் வரும் வால்வை மாதம் ஒருமுறையாவது முழுக்க மூடித் திற. திறந்தபடியே கிடந்தால் இறுகிவிடும், ஹோஸ் வெடிக்கிற அன்று அசையாது. தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு அடி கீழே ஒன்றரை இஞ்ச் ஓட்டை விழுந்தால் நிமிடத்துக்கு 150 லிட்டர் அளவுக்கு ஏறும். வாளியால் இறைத்துத் தீராது. ஒவ்வொரு வால்வு பக்கத்திலும் ஓட்டையை அடைக்க அளவான மர ஆப்பு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடு. ஹோஸுக்கு இரண்டு கிளிப் போடு. மலிவாகக் கிடைக்கிறது என்று பித்தளை வால்வு வாங்கிவிடாதே. உப்புத் தண்ணீரில் துத்தநாகம் கரைந்துபோய், சிவந்து, தட்டினால் பிஸ்கட் மாதிரி உதிரும். கன்மெட்டல் என்கிற வெண்கலம்தான் வேண்டும்.

அம்மா நன்றாக இருக்கிறாள். 2017 ஒக்கி புயலுக்கு அப்புறம் காற்று கொஞ்சம் உரக்க அடித்தாலே ஜெபமாலையை எடுத்துவிடுகிறாள், உனக்குத் தெரியாததா. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

போட்டின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கிற பில்ஜ் பம்பு சத்தம் கேட்டால் போதும் என்று இருக்காதே. ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, பம்பை ஓடவிடும் ஃப்ளோட் மிதவை தானாக எழும்புகிறதா, தண்ணீர் வெளியே விழுகிறதா என்று கண்ணால் பார். செதிலும் நைலான் நூலும் போய் வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். உன் எஞ்சின் ரூமில் இலை போட்டுச் சாப்பிடலாம் என்று போட் ஓட்டுகிற ஸ்ராங்கு சொன்னாராமே. அதைச் சந்தையில் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். கூடவே, வீட்டுக்கு ஒரு போன் செய்ய மட்டும் கை வராது என்றும் சொன்னேன். வால்வை மூடித் திறந்து பார்த்தாயா?

அப்புறம் என் பழைய போட்டின் இங்கிலீஷ் மெஷின் புத்தகங்கள். பத்தாம் வகுப்பு லீவில் நீ நம்பர் ஒட்டி டின்னில் அடுக்கினது அப்படியேதான் இருக்கிறது. ஒன்று எஞ்சின், இரண்டு கியர்பாக்ஸ், மூன்று பம்பு. போட்டை விற்றபோதுகூட அந்த டின்னைக் கொடுக்கவில்லை. நீயும் அப்படி வை. பிளாஸ்டிக் கவரில் போட்டு, சுக்கான் பிடிக்கிற வீல்ஹவுஸில் வை, எஞ்சின் ரூமில் வேண்டாம். என்றைக்கு எந்தச் சாமான் மாற்றினாய் என்று கடைசிப் பக்கத்தில் எழுது. போனில் படம் எடுத்திருக்கிறேன் என்பாய். போன் கடலில் விழும்.

மூன்றாம் நம்பரில் நீ பென்சிலால் கோடு போட்ட பக்கத்தை நேற்று பிரித்துப் பார்த்தேன். அன்று நீ வாசித்தது நினைவிருக்கிறது. பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் உடைந்தால், உடைந்த ரப்பர் துண்டுகளை எண்ணித் தேடி எடுத்த பிறகுதான் புதியது போட வேண்டும் என்று. ஆட்கள் எல்லாரும் நின்றார்கள். எனக்கே படித்துக் காட்டுகிறாயா என்று உன் கையிலிருந்து பிடுங்கினேன். மூன்று இதழ் குறைந்திருந்தது, தேடவில்லை. அந்தத் துண்டுகள் எஞ்சினைக் குளிரவைக்கும் கூலரில் போய் அடைத்து, நடுக்கடலில் எஞ்சின் சூடேறி, இரண்டு நாள் மிதந்தோம். கரைக்கு வந்து பையன் தப்பாகப் படித்துவிட்டான் என்று சொன்னேன். நீ வாய் திறக்கவே இல்லை.

நீ சரியாகத்தான் படித்தாய். இம்பெல்லர் உடைந்ததே என்னால்தான். வால்வைத் திறக்க மறந்து, பம்புக்குத் தண்ணீர் வராமலே எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது மக்களே. இத்தனை வருஷமும் படத்தைப் பார்த்துத் தலையாட்டியவன் நான். அம்மாவிடம் நேற்று ராத்திரி சொன்னேன். இன்றைக்குக் காலையில் எனக்குச் சாயா தரவில்லை.

உன் போட்டிலும் அதே பம்புதான் என்று கேள்வி. மூன்றாம் நம்பரைப் பெரியம்மா மகனிடம் கொடுத்துவிடுகிறேன். கிடைத்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு, போதும். வால்வு இறுகியிருந்தால் சுத்தியலால் அடிக்காதே, எண்ணெய் விட்டு ஊறவைத்து மெதுவாகத் திருப்பு.

அப்பா